இன்வர்ட்டர் புத்தி

சித்தூரில் லேப்டாப் ரிப்பேர் கடையில் தீர்ப்பு வர அரை நிமிடம் போதும். கடைக்காரர் மூடியைத் திறப்பார். வழக்கமான விண்டோஸ் முகப்புக்குப் பதிலாக வேறேதோ தெரியும். உதட்டைப் பிதுக்குவார். “லினக்ஸ் போட்டுருக்கியாப்பா? அதான் சார்ஜ் நிக்கல. விண்டோஸ் போட்டுத் தர்றேன், சரியாப் போயிடும்.” திருப்பதிக்குப் போனால் இதையே தெலுங்கில் சொல்வார்கள், இரண்டு மொழியிலும் புழங்குகிற எங்களுக்கு இரண்டு தடவை கேட்கும் பாக்கியம். பையன் தலையாட்டிக் காசைக் கொடுப்பான். ஊர் பேர் தெரியாத விண்டோஸ் நகல் ஒன்று ஏறும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய ஒன்றேகால் மணி நேரமேதான்.

திறமூல இயங்குதளம் பேட்டரியைத் தின்னும் என்ற இந்த நம்பிக்கை கடைத்தெருவோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பாடம் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள், ஐடி வேலையில் இருக்கும் உறவுக்காரர்கள் சொல்கிறார்கள், லினக்ஸ் வைத்திருப்பவர்களே குற்றம் செய்தவர்கள் போலத் தலையைக் குனிந்து ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பேட்டரி செத்ததற்குக் காரணம் நாம் அதை வளர்த்த முறை. அந்த முறையை நமக்குச் சொல்லிக்கொடுத்தது மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் இன்வர்ட்டர்.

‘சார்ஜ் நிக்கல’ என்ற புகாருக்குள் இரண்டு புகார்கள் இருக்கின்றன. தொட்டி சிறுத்துப்போனது ஒன்று. குழாய் அகலமாகத் திறந்திருப்பது மற்றொன்று. புதிதில் 50 வாட்-மணி கொள்ளும் பேட்டரி என்று வையுங்கள். கணினி சராசரியாக 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம் ஓடும். இழுப்பு 12 வாட் ஆனால் 4 மணி 10 நிமிடம். இது குழாய்க் கணக்கு. இதில் இயங்குதளத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. தொட்டியே 20 வாட்-மணிக்குச் சுருங்கியிருந்தால்? 10 வாட்டை 8 வாட்டாகக் குறைத்தாலும் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. தொட்டியைச் சுருக்குவது மின்வேதியியல். அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. சூடு தெரியும், மின்னழுத்தம் தெரியும், வயது தெரியும்.

பக்கத்து வீட்டுப் பையனுடைய லேப்டாப்பை, அது கடைக்குப் போகும் முன், ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். லினக்ஸில் இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டாம். பேட்டரி தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, சின்னச் சின்ன உரைக்கோப்புகளாக ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறது. ‘யூபவர்’ என்ற கட்டளை அவற்றைத் தொகுத்துக் காட்டும். வடிவமைப்புக் கொள்ளளவு 41 வாட்-மணி. இப்போது முழுசாக ஏற்றினால் கொள்வது 16. அந்த நேரத்து இழுப்பு 12, 13 வாட். ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யாரும் சொல்லிவிடலாம். பத்தில் ஆறு பங்கு தொட்டி காணாமல் போயிருக்கிறது. அவன் லினக்ஸ் போட்டு மூன்று மாதம். கணினி வாங்கி ஐந்து வருடம்.

விண்டோஸிலும் இப்படிப் பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதை ஓட்டிப் பார்த்த கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதம், ஐந்து வருடக் கணக்கில்தான் பழியின் வேர் இருக்கிறது. நம் ஊர்களில் புது லேப்டாப்பில் லினக்ஸ் போடுகிறவர்கள் குறைவு. விண்டோஸ் இழுத்து இழுத்து ஓடும்போது, ஹார்ட் டிஸ்க் முனகும்போது, “சரி, இதாவது போட்டுப் பார்ப்போம்” என்றுதான் லினக்ஸுக்கு வருகிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு இந்த வருகைக்குக் கூடுதல் காரணம் கிடைத்திருக்கிறது. பதினொன்றை ஏற்றுக்கொள்ளாத பழைய கணினிகளுக்கு வேறு போக்கிடம் குறைவு. ஆக, லினக்ஸின் கைக்கு வருகிற கணினிகள் பெரும்பாலும் வயதானவை. நாலு டாக்டரிடம் காட்டி, மஞ்சள் துணி முடிந்து, கடைசியில் வந்து சேர்ந்த நோயாளியை வைத்து ஐந்தாவது டாக்டரைக் கணக்குப் போடுகிறோம்.

இனி இன்வர்ட்டருக்கு வருகிறேன். இது எங்கள் வட்டாரத்துக்கே உரிய விஷயம்.

திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடி இருக்கிறது. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் ஊர் அது. அமரான் என்ற பெயரில் கார்களுக்குள்ளும் வீட்டு இன்வர்ட்டர்களுக்குள்ளும் போய் உட்கார்ந்த காரீய-அமில பேட்டரிகள் இந்த மண்ணிலிருந்து போனவை. சித்தூர்ப் பக்கமும் அதற்கு ஆலை உண்டு. ஆகவே எங்கள் பக்கத்தில் பேட்டரி பற்றிப் பேசத் தெரியாதவர் கிடையாது. யாராவது ஒரு சித்தப்பா அங்கே ஷிப்ட் பார்த்திருப்பார். அவர் சொன்ன பாடம் வீட்டுக்கு வீடு மனப்பாடம்: டிஸ்டில்டு வாட்டர் குறையவிடாதே, எப்போதும் ஃபுல் சார்ஜிலேயே வை, காலியாகக் கிடக்கவிட்டால் செத்துவிடும்.

சித்தப்பா சொன்னது முழுக்கச் சரி. காரீய-அமில பேட்டரி பாதிச் சார்ஜில் கிடந்தால் தகடுகளில் காரீய சல்ஃபேட் படிகங்கள் தடித்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. அதனால் அதை நிறைத்து, நிறைந்த நிலையிலேயே மெல்லிய மின்னோட்டத்தில் தாங்கிப் பிடிப்பது நல்லது. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அது கூடுதல் நல்லது.

லேப்டாப்புக்குள் இருப்பது லித்தியம் அயனி. 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த சாதி. அதற்கு அடித்தளம் போட்ட விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. இதன் குணம் நேர் எதிர். நூறு சதவீதம் என்றால் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் விறைத்து நிற்கிறது. அந்த அழுத்தத்தில் நேர்மின்வாய்ப் பக்கம் மின்பகுபொருள் மெல்ல மெல்லச் சிதைகிறது. எதிர்மின்வாய்ப் பக்கம் கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடிக்கிறது. படலம் தடிக்கத் தடிக்க, ஓட வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கு அதற்குள் சிறைப்பட்டுப் போகிறது. கணினியை நீங்கள் தொட்டீர்களா இல்லையா என்பது பொருட்டில்லை. நிறைந்த நிலையில் சும்மா இருந்தாலே இது நடக்கும். சூடு சேர்ந்தால் வேகமாக நடக்கும்.

கனடாவில் கேடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இசிடோர் புக்மன் தொகுத்த அட்டவணை ஒன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பயன்படுத்தாமல் ஓராண்டு வைத்திருந்தால் கொள்ளளவில் மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கு அது. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும். முழுச் சார்ஜோடு வைத்தால் 80. அதுவே 40 டிகிரி என்றால் முதலாவது 85, இரண்டாவது 65. ரேணிகுண்டாவில் மே மாதம் நிழலில் 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. தகர ஷெட் அறையில், மெத்தை மேல், மூச்சுவிடும் துளையை அடைத்துக்கொண்டு, நாள் முழுக்க சார்ஜரில் செருகிய லேப்டாப் நூறில் நிற்கிறது. அந்த அட்டவணையின் மோசமான கட்டத்தை நாமே தேடிப் போய் உட்கார்ந்துகொண்டு, “ஃபுல்லாத்தானே வச்சிருந்தேன், எப்படிப் போச்சு?” என்று கேட்கிறோம்.

ஃபுல்லாக வைத்திருந்ததுதான் காரணம். ஆனால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பினால் சித்தப்பா பொய்யர் ஆகிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை. அதே திருப்பதியின் மின்னணு உற்பத்தித் தொகுப்பில், சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் முதலீட்டில் லித்தியம் செல் ஆலை அமைத்து, 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் முதல் லித்தியம் செல் ஆலை என்று ஒன்றிய அரசு அதை அறிவித்தது. பவர் பேங்குகளுக்கான 10 ஆம்பியர்-மணி செல்கள், நாளுக்கு 20,000 என்பது நிறுவப்பட்ட திறன். காரீயமும் லித்தியமும் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன. எங்கள் வாய்ப்பாடு மட்டும் 1985-இலேயே நிற்கிறது.

இன்னொரு பழைய வாய்ப்பாடும் உண்டு: மாதம் ஒருமுறை முழுசாக வற்றவிட்டு ஏற்ற வேண்டும் என்பது. அது நிக்கல்-காட்மியம் காலத்துச் சங்கதி. லித்தியத்தை வற்றவிடுவது அதற்கு உடற்பயிற்சி அல்ல, பட்டினி. சதவீதம் காட்டும் மானி குழம்பி 30-இலிருந்து திடீரென்று அணைந்துபோனால், மானியைத் திருத்த எப்போதாவது ஒருமுறை செய்யலாம். பேட்டரி அதனால் இளமை பெறாது.

சரி, லினக்ஸ் குற்றமற்றது என்பது வரை சொல்லியாயிற்று. அதற்கு மேலும் ஒரு படி சொல்வேன். இந்த வேதியியலை அறிந்து நடக்க விரும்புகிறவருக்கு இன்று மிக வசதியான இடம் அதுதான். சார்ஜ் எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற எண்ணை எழுத ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 80 என்று எழுதினால் 80-இல் நிற்கும், அவ்வளவுதான். திங்க்பேட் கணினிகளுக்கான வசதி 2018-இல் வந்த 4.17 கெர்னலில் சேர்ந்தது, ஆசுஸுக்கு 2019-இல் 5.4-இல். கோப்பெல்லாம் எனக்கு எதற்கு என்பவர்களுக்கு கேடிஇ பிளாஸ்மா என்ற முகப்புச் சூழல் 2020 அக்டோபரில் வந்த 5.20 பதிப்பிலேயே அமைப்புகளுக்குள் இந்த எண்ணைப் போட இடம் கொடுத்தது. க்னோம் என்ற இன்னொரு முகப்புச் சூழல் 2025 மார்ச்சில் வந்த 48-ஆம் பதிப்பில் ‘பேட்டரி ஆரோக்கியம் காக்க’ என்று ஒரு பொத்தான் வைத்தது. விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் கணினி உற்பத்தியாளரின் தனி மென்பொருள். கடைக்காரர் ஏற்றித் தரும் அந்த ஊர் பேர் தெரியாத நகலில் அந்த மென்பொருள் இருப்பதில்லை. அதாவது, பேட்டரியைக் காப்பாற்ற என்று சொல்லி அவர் கழற்றி எறிவது காப்பாற்றும் கருவியை.

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி வரும். நாளைக்கு 20 சதவீதம் போய்விடும் என்று பயந்து இன்றைக்கே நானாக 20 சதவீதத்தை விட்டுக்கொடுப்பதா? கல்யாணத்துக்கு வைத்த பட்டுப்புடவையை பீரோவிலேயே மடித்து வைத்த கதை மாதிரி இல்லையா? மேசையில் சார்ஜரோடு வேலை செய்கிறவருக்கு அந்த 20 சதவீதம் இன்றைக்கு எதற்கும் பயன்படுவதில்லை. அவர் விட்டுக்கொடுப்பது தான் தொடாத ஒன்றை. மின்சாரம் போனால் 80 போதும், அதற்குத்தான் இன்வர்ட்டர் வேறு இருக்கிறது. நாளைக் காலை ரயில் பிடித்து சென்னை போக வேண்டுமா? டிஎல்பி என்ற கருவி வைத்திருந்தால் முந்தின இரவு ‘ஃபுல்சார்ஜ்’ என்று ஒரு கட்டளை கொடுத்து அந்த ஒரு தடவைக்கு மட்டும் நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் நாள் முழுக்க சார்ஜர் இல்லாமல் அலைகிறவருக்கு இந்த அறிவுரையே வேண்டாம். அவர் நூறு வரை ஏற்றி ஓடட்டும். அவருடைய பேட்டரி நூறில் விறைத்து நிற்கும் நேரம் எப்படியும் குறைவு.

குழாய்க் கணக்கில் எதிர்த்தரப்பின் பேச்சுக்கு ஒரு காலத்தில் சத்து இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 2007-க்கு முன்பு லினக்ஸ் கெர்னல் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை செயலியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. தூங்கவிடாத மாமியார் மாதிரி. அந்த ஆண்டு வந்த 2.6.21 அந்தத் தட்டலை நிறுத்தத் தொடங்கியது; எந்த நிரல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பேர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும் பவர்டாப்பை இன்டெல் அதே ஆண்டு வெளியிட்டது. 2011-இல் 2.6.38 வந்தபோது பல கணினிகளில் மின்நுகர்வு ஏறியது உண்மை. உள்ளே இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளை ஓய்வில் வைக்கும் ஏற்பாடு, பயாஸ் தரும் தப்பான தகவலால் முடங்கிப்போனது. ஃபோரோனிக்ஸ் தளத்தின் மைக்கேல் லாராபெல் பொதுவெளியில் அளந்து காட்டினார். அதே ஆண்டு முடிவதற்குள் மாத்யூ காரெட் திருத்தம் எழுதினார். எங்கள் கடைத்தெரு அந்த 2011-ஐ விட்டு இன்னும் நகரவில்லை. தமிழ்நாட்டில் அதே ஆண்டு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததால், எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள உறவினர்களுக்கும் முதல் லினக்ஸ் அறிமுகம் அந்த வருடத்துக் கணினிகளில்தான். முதல் அபிப்பிராயம் லேசில் போகாது.

இன்றும் ஓட்டைகள் உண்டு. என்விடியா சில்லு தனியாக வைத்த கேமிங் லேப்டாப்பில் அந்தச் சில்லு சரியாகத் தூங்காவிட்டால் குழாய் முழுசாகத் திறந்ததுதான். அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர் திட்டினால் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். உலாவியில் வீடியோ பார்க்கும்போது கிராஃபிக்ஸ் சில்லு செய்ய வேண்டிய வேலையைச் செயலி இழுத்துப் போட்டுக்கொண்டு மின்விசிறி கதறும் நிலை நீண்ட காலம் இருந்தது. இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸ் அதை இயல்பாகவே சரிசெய்தது 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில்தான். தாமதம், சந்தேகமில்லை. மூடிவைத்துப் பைக்குள் போட்ட லேப்டாப் திருப்பதியில் ஏறி சித்தூரில் இறங்குவதற்குள் தோசைக்கல்லாகிறது என்ற புகார் மட்டும் லினக்ஸுக்குத் தனிச்சொத்து இல்லை. பழைய ஆழ்ந்த உறக்க முறையைப் பல உற்பத்தியாளர்கள் எடுத்துவிட்டு, அரைத்தூக்க முறையை வைத்த பிறகு இரண்டு தரப்புமே அந்தச் சூட்டை அனுபவிக்கின்றன.

எங்கள் தரப்பு ஆர்வக்கோளாறுகளையும் விட்டுவைக்க முடியாது. பேட்டரி சேமிக்க என்று பதினெட்டு கட்டளைகளை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவார்கள். டிஎல்பியையும் அதே வேலையைச் செய்யும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனையும் ஒன்றாக ஓடவிடுவார்கள். ஒன்று வைத்த அமைப்பை மற்றது மாற்றும், ஒரே அடுப்பில் இரண்டு சமையல்காரர் கதை. செயலியின் வேகத்தை அடிமட்டத்தில் பூட்டிவிட்டு மிச்சம் பிடித்துவிட்டதாக நினைப்பார்கள். பத்து வினாடியில் முடித்துத் தூங்கப்போக வேண்டிய வேலை முப்பது வினாடி இழுக்கும். அந்த முப்பது வினாடியும் திரை எரிகிறது, நினைவகம் விழித்திருக்கிறது, மொத்தக் கணக்கில் மிச்சம் கரைந்துபோகிறது. பவர்டாப்பில் எல்லாவற்றையும் ‘நல்லது’ என்று மாற்றிவிட்டு, யூஎஸ்பி மவுஸ் இரண்டு வினாடிக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. மிச்சப்படுத்த வேண்டுமா, திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். இரண்டு வாட், மூன்று வாட் உடனே குறையும். இதற்கு எந்த இயங்குதளத்தின் தயவும் வேண்டாம்.

எல்லாக் கணினியிலும் அந்த 80 கோப்பு இருக்காது என்பதும் நிஜம். சில நிறுவனங்கள் திறந்துவிடவில்லை. ஆனால் எச்பி, டெல் போன்றவற்றின் பல மாடல்களில் இந்த வசதி பயாஸுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே ஒருமுறை வைத்துவிட்டால் மேலே ஓடுவது எதுவானாலும் அது பாட்டுக்கு நடக்கும்.

கடைசியாக அந்தக் கடைக்காரரைப் பற்றி. பையனுக்காகப் பேசப் போனபோது அவருடைய பில் போடும் லேப்டாப்பைக் கவனித்தேன். விண்டோஸ்தான். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை சார்ஜரில், நூறில், சால்டரிங் மேசைக்குப் பக்கத்தில். டச்பேடின் ஒரு மூலை பூரி மாதிரி மேலே எழும்பியிருந்தது. கிளிக் சரியாக விழாததால் வெளியே மவுஸ் மாட்டியிருந்தார்; டச்பேட் மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். “அண்ணா, உள்ள பேட்டரி ஊதியிருக்கு, முதல்ல அதக் கழட்டுங்க” என்றேன். கழற்றினோம். வெள்ளிப் பொட்டலங்கள் மூன்றும் தலையணை மாதிரி. குத்தவோ அமுக்கவோ கூடாது, குப்பையில் போடக் கூடாது, 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்றெல்லாம் சொன்னேன். அதற்குள் அவர் கொண்டுபோய் வெளியே நிழலில் ஒரு பழைய மண்சட்டியில் வைத்துவிட்டு வந்தார், அது போதுமான அளவுக்குச் சரி.

புதுப் பேட்டரி வர நாலு நாள் ஆனது. அதுவரை கரண்ட் போகும்போதெல்லாம் அவருடைய பில் பாதியில் போனது. வந்ததும் என்னைக் கூப்பிட்டு, எண்பது என்று எங்கே போடுவது என்று கேட்டார். பயாஸுக்குள் போய்ப் பார்த்தோம், இருந்தது. போட்டுவிட்டு, “இது லினக்ஸ் ஆளுங்க வேலையா?” என்று கேட்டார். இல்லை, உங்கள் கணினியில் வாங்கின நாளிலிருந்தே இருக்கிறது என்றேன். பையனுக்கும் அதே மாதிரி ஒரு பேட்டரிக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்.